போணிக்கு எடுத்த பெண்

போணி என்ற சொல்லைக் கேட்டாலே இப்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. காலையில் காய்கறிக்காரர் வாசலில் வண்டியை நிறுத்தி, "போணி பண்ணும்மா" என்று கூப்பிட்டால், அவர் என்ன பாவம் செய்தார், இருந்தாலும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடுகிறேன்.

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பெரிய பட்டுக்கடையில் புடவை மடிக்கிற வேலை பார்த்தேன். சேல்ஸ்மேன் மெத்தையில் உட்கார்ந்து புடவைகளைப் பிரித்து வீசுவார். வாடிக்கையாளர் வேண்டாம் என்று தள்ளியதெல்லாம் என் பக்கம் வரும். பழைய மடிப்பிலேயே திரும்பத் திரும்ப மடித்தால் ஜரிகை முறிந்துவிடும் என்பதால் மடிப்பை மாற்றி மாற்றி மடிக்க வேண்டும். யாரிடமும் பேச வேண்டியதில்லை. பத்தாவது வரை படித்தவள் நான். நாலு பேர் சேர்ந்து நின்றால் எனக்கு வாய் வராது. அதனாலேயே அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

போணி எங்கள் கடையில் சாமி காரியம் மாதிரி. காலையில் படத்துக்குப் பூ வைத்துச் சாம்பிராணி காட்டியதும் முதல் வாடிக்கையாளருக்காக எல்லோரும் காத்திருப்போம். முதலில் வருகிறவர் வெறுங்கையோடு படி இறங்கக் கூடாது. பட்டு பிடிக்கவில்லை என்றால் ஒரு ஜாக்கெட் துணியாவது, அதுவும் வேண்டாமென்றால் ஒரு கைக்குட்டையாவது கொடுத்து அனுப்பிவிடுவார்கள். வந்த காசை முதலாளி இரண்டு கண்ணிலும் ஒற்றிக் கல்லாவில் போடுவார். அது ஆகும்வரை கடன் கிடையாது. மாற்றித் தருவதும் கிடையாது. வாங்கிய புடவையைத் திருப்பிக் கொடுக்க யாராவது பையோடு வந்துவிட்டால், அவரை வாசல் நாற்காலியில் உட்கார வைத்து மோர் கொடுத்துக் காக்க வைப்போம். போணிக்கு முன்னால் போன சரக்கு திரும்பி வந்தால் அன்றைய வியாபாரம் படுத்துவிடும் என்று முதலாளி நம்பினார்.

அந்த முதலாளியின் மகன், நாங்கள் சின்னவர் என்று சொல்லுவோம், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். ஒரு நாள் கடை சாத்தும் நேரத்தில் எங்களையெல்லாம் கூப்பிட்டு, கடையின் பெயரில் ஒரு சைக்கிள் டீம் ஆரம்பிக்கப் போவதாகச் சொன்னார். பெண்கள் டீம். சம்பளத்துக்கு ஓட்டுகிற பெண்கள். இந்தியா முழுக்கப் பந்தயம், பிறகு வெளிநாடு.

"பட்டுக்கும் சைக்கிளுக்கும் என்னா தம்பி சம்பந்தம்? புடவ எடுத்தா பம்ப்பு ஃப்ரீயா?" என்று மூத்த சேல்ஸ்மேன் கேட்டார். எல்லோரும் சிரித்தோம். சின்னவரும் சிரித்தார்.

"பம்ப்பு இல்லண்ணே. டிவில நம்ம பேரு வரும்."

அப்போது எல்லோருடைய பார்வையும் என் பக்கம் திரும்பியது. எனக்குக் காது சூடாகிவிட்டது. என் மகள் சைக்கிள் ஓட்டுகிறவள் என்பது கடையில் எல்லோருக்கும் தெரியும்.

நாங்கள் தாமல். ஏரிக்கரைக்குக் கீழே வீடு. என் வீட்டுக்காரர் வாலாஜாபாத்தில் அரிசி மில்லில் வேலை. பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் தாமலிலிருந்து காஞ்சிபுரத்துக்குப் போய்வந்து போய்வந்துதான் என் மகளுக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. பஸ்ஸை முந்தினேன், டெம்போவை முந்தினேன் என்று தினமும் ஒரு கதை சொல்லுவாள். விளையாட்டு ஆசிரியர் ஒரு ரேஸ் சைக்கிளை எங்கிருந்தோ கேட்டு வாங்கிக் கொடுத்தார். அப்புறம் மாவட்டம், மாநிலம் என்று மெடல் வர ஆரம்பித்தது. சின்னவர் டீமைப் பற்றிச் சொன்ன அதே மாதத்தில் அவளுக்கு வேறு ஊரில் விளையாட்டு விடுதியில் சேர அழைப்பும் வந்திருந்தது. அங்கே தங்கிப் பயிற்சி எடுத்தால் பிறகு ரயில்வேயிலோ போலீசிலோ வேலைக்கு வழி உண்டு என்றார்கள். வயசு வரம்பு இருந்தது. அந்த வருடம் விட்டால் அடுத்த வருடம் சேர்க்க மாட்டார்கள்.

மறுநாள் காலை முதலாளி என்னைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"உம் பொண்ண எதுக்கும்மா வெளியூரு அனுப்பற? நம்ம டீமுக்கு மொத ஆளா அவளத்தான் எடுக்கறேன். உம் பொண்ணுதான் எனக்கு போணி."

என் உடம்பெல்லாம் சிலிர்த்துப் போனது. போணி ஆன காசை அவர் கண்ணில் ஒற்றுவதைத் தினமும் பார்த்தவள் நான். என் பெண்ணை அந்த இடத்தில் வைத்துவிட்டார் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய் மகளிடம் சொன்னபோது அவளுக்குத் தயக்கம்.

"ஹாஸ்டல்னா கவர்மெண்ட்டுமா. இவங்க புதுசு. நடத்துவாங்களா?"

"மொதலாளி வாயால போணின்னு சொல்லிருக்காருடி. அந்த வார்த்தைய அவரு சும்மா சொல்ல மாட்டாரு."

அவள் விடுதிக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாள். நல்ல நேரம் பார்த்துக் கடையிலேயே கையெழுத்துப் போட்டாள். அந்த ஒரு வருடம் அவள் வேறு எந்த டீமுக்கும் ஓட்டக் கூடாது, அவர்களாக விடுவித்து எழுதிக் கொடுத்தால்தான் முடியும் என்று அதில் இருந்தது. அதில் தப்பு எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை. டீமில் ஓட்டப் போகிறவள் வேறு டீமுக்கு ஏன் போகிறாள்?

அதற்குப் பிறகு சின்னவர் மாடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஆள் எடுக்கிற வேலையில் இறங்கினார். ராஜஸ்தானிலிருந்து ஒரு பெண், மணிப்பூரிலிருந்து இரண்டு பேர், கேரளத்திலிருந்து, கர்நாடகத்திலிருந்து. மேடு ஏற ஒருத்தி, கடைசியில் பாய்ந்து முந்த ஒருத்தி, எதிர்காற்றில் முன்னால் போய் மற்றவர்களை இழுத்துப் போக ஒருத்தி என்று பிரித்துப் பிரித்து எடுத்தார்.

"முகூர்த்தத்துக்கு ஒண்ணு, ரிசப்ஷனுக்கு ஒண்ணு, மறுவீட்டுக்கு ஒண்ணுன்னு எடுக்கற மாதிரியே எடுக்கறாருபா" என்றார் மூத்த சேல்ஸ்மேன்.

பெங்களூரிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார். முன்னாளில் தானே ஓட்டியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எல்லாப் பெண்களையும் பாலுசெட்டிச்சத்திரம் பக்கம் ரோட்டில் ஓட்டவிட்டுப் பார்த்தார். நானும் போய் ஒரு டீக்கடை ஓரம் நின்றேன். அன்றைக்கு நல்ல எதிர்காற்று. லாரிக்காற்றிலும் ஏரிக்காற்றிலும் ஓட்டிப் பழகிய என் மகள் முகத்தைத் தாழ்த்திக்கொண்டு முன்னால் வந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள் கோழிக்குஞ்சு மாதிரி ஒதுங்கி வந்தார்கள்.

"காத்துக்கு இந்த பொண்ணு போதும்மா. வேற ஆளு தேவெ இல்ல" என்று பயிற்சியாளர் என்னிடம் சொன்னார். வெட்கத்தில் நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

கொஞ்ச நாளில் படம் எடுக்க ஆள் வந்தார்கள். மற்ற பெண்களையெல்லாம் டீம் சட்டையில், சைக்கிளில் வேகமாகப் போகிற மாதிரி எடுத்தார்கள். என் மகளுக்கு மட்டும் அரக்கு உடலும் பச்சைக் கரையும் வைத்த புடவை. நான்தான் கட்டிவிட்டேன். கொசுவம் வைத்து, முந்தானையைச் சரிசெய்து, தலை நிறைய மல்லிகை வைத்து என் கையாலேயே நிறுத்தினேன். உள்ளூர்ப் பெண் என்பதால் தனி மரியாதை என்றுதான் நினைத்தேன்.

அந்தப் படம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் பெரிய பேனராக வந்தது. பின்னால் கோபுரம். என் மகள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பெடலில் கால் இல்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவள் மாதிரி இருந்தது. பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு அம்மா, "அந்தப் புடவ நல்லாருக்குது பாரு" என்று தன் பெண்ணுக்குக் காட்டினார். சைக்கிளை யாரும் பார்க்கவில்லை.

வீட்டில் மகளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"அந்த சைக்கிள்ல செயினே கெடயாதுமா. புடவைல கிரீஸ் பட்டுடும்னு கழட்டிட்டாங்க."

அன்றைக்குத்தான் முதல்முதலாக எனக்கு ஏதோ உறுத்தியது. அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் உறுத்தலாக இல்லை. நெருப்பாக இருந்தது.

மற்ற பெண்கள் காலையில் ரோட்டில் பயிற்சிக்குப் போனார்கள். என் மகளைக் கடைக்கு வரச் சொன்னார்கள். வாசலில் பொம்மைகளுக்குப் பட்டுக் கட்டி வைத்திருக்கும் கண்ணாடி ஷோகேஸில், பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்கும் ஒரு ஸ்டாண்டில் சைக்கிளை மாட்டினார்கள். அவள் டீம் சட்டையோடு அங்கே உட்கார்ந்து மிதிக்க வேண்டும். சக்கரம் சுற்றும், சைக்கிள் நகராது. "இதுவும் பயிற்சிதான், வெளிநாட்டுல எல்லாரும் வீட்டுக்குள்ளயே இப்பிடித்தான் ஓட்டறாங்க" என்றார் சின்னவர். ஒரு பக்கம் மாப்பிள்ளை பொம்மை, இன்னொரு பக்கம் மணப்பெண் பொம்மை, நடுவில் என் மகள் வியர்த்து வழிந்துகொண்டு மிதித்தாள். பிள்ளைகள் கண்ணாடியைத் தட்டினார்கள். கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்த ஒருவர், "இது நெசப் பொண்ணா, மெஷினா?" என்று கேட்டுவிட்டுச் செல்ஃபி எடுத்தார். நான் உள்ளே உட்கார்ந்து புடவை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்ததெல்லாம் கோணிப் போனது.

முதல் பந்தயத்துக்குப் போகிறவர்களின் பெயர்களைச் சொன்ன அன்றைக்கு மகள் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். ஏரிக்கரை ஏறும்போது சொன்னாள்.

"எம் பேரு இல்லமா."

"கோச்சு இன்னா சொன்னாரு?"

"அவரு எழுதிருந்தாராம். சின்னவரு அந்தப் பேர அடிச்சிட்டாராம்."

மறுநாள் பயிற்சியாளரைப் படிக்கட்டில் நிறுத்திக் கேட்டேன். வாழ்க்கையில் நானாகப் போய் ஒரு ஆண்பிள்ளையை நிறுத்திக் கேட்டது அதுதான் முதல். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அவங்க சொல்றாங்க, விழுந்தா முகத்துல காயம் ஆவும். தை முகூர்த்தம் வரெக்கும் பேனர் இருக்குது, விளம்பரம் இருக்குது. அதுவரெ முகத்துல கீறல் கூடாது. ரோடுக்கு அனுப்பக் கூடாதுன்னு."

"அப்ப எதுக்கு டீம்ல எடுத்தாங்க?"

அவர் கையை விரித்தார். பதில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அத்தனை வருடம் அந்தக் கடையில் இருந்தவள். போணிக்கு யாரும் நல்ல சரக்கை எடுத்துப் போடுவதில்லை. வியாபாரம் ஆரம்பித்தால் போதும் என்று கையில் கிடைப்பதைக் கட்டிக் கொடுப்பார்கள். முதல் ஆள் வேண்டும், உள்ளூர் முகம் வேண்டும், டீம் ஆரம்பித்தாயிற்று என்று ஊருக்குச் சொல்ல வேண்டும். அதற்கு என் பெண். ஓட்டுவதற்கு வேறு பெண்கள். அவள் நன்றாக ஓட்டுகிறாளா இல்லையா என்று அவர்கள் ஒரு நாள்கூட யோசிக்கவே இல்லை. அவள் தோற்றிருந்தால் நான் அழுதிருப்பேன், அதோடு போயிருக்கும். அவளைத் தோற்கக்கூட விடவில்லை.

சின்னவரிடம் விடுவித்து எழுதிக் கொடுக்கச் சொல்லி மகளே கேட்டுப் பார்த்தாள். "அவசரப்படாதம்மா, நீதான் டீமோட முகம்" என்றார். இரண்டாம் தடவை கேட்டபோது கையெழுத்துப் போட்டதை ஞாபகப்படுத்தினார். விடுதியில் அந்த வருடச் சேர்க்கை முடிந்துவிட்டது. வேறொரு சின்ன டீம் அவளைக் கூப்பிட்டது, எழுதிய தாள் இல்லாமல் எடுக்க முடியாது என்றார்கள். பந்தயத்தில் ஓட்டினால்தான் அவள் வீராங்கனை. இந்த வருடமும் ஷோகேஸில் போய்விட்டால் பிறகு யார் அவளைக் கூப்பிடப் போகிறார்கள்? சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு அவள் சுவர் பக்கம் திரும்பிப் படுத்ததை மூன்று நாலு நாள் பார்த்தேன். அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை நான் வேலைக்காரியாகக் கடைக்குள் போகவில்லை. மகளுடைய டீம் சட்டை, தொப்பி, அவர்கள் கொடுத்த மெடல் மாதிரி ஒரு வில்லை, எல்லாவற்றையும் அந்தக் கடை பெயர் போட்ட பையிலேயே போட்டு எடுத்துக்கொண்டு போனேன். சாம்பிராணிப் புகை இன்னும் போகவில்லை. முதலாளி கல்லாவில் இருந்தார். நான் நேராகப் போய்ப் பையைக் கல்லாப்பெட்டி மேல் வைத்தேன்.

"இன்னாம்மா இது?"

"திருப்பிக் குடுக்க வந்தேன் மொதலாளி."

அவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"ஏம்மா, உனக்கு அறிவு இருக்குதா? இன்னும் போணி ஆவல! எடு அத! வெளிய உக்காரு!"

"எம் பொண்ணுதான போணின்னு சொன்னீங்க. அதத்தான் கொண்ணாந்துருக்கேன்."

என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. மெத்தையில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். சின்னவர் மாடியிலிருந்து இறங்கி ஓடிவந்தார்.

"அக்கா, மேல வாங்க, பேசிக்கலாம்."

"மேலல்லாம் வர மாட்டேன் தம்பி. நீ எழுதிக் குடு. அவள உட்டுட்டோம்னு எழுதிக் குடு. நான் பைய எடுத்துக்கினு போயிடறேன்."

அந்த நேரம் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. கல்யாணப் பெண்ணும் அத்தைமார்களும் ஒரு பெரிய கூட்டமாக இறங்கினார்கள். முழு ஜவுளி எடுக்க வந்திருக்கிற கூட்டம் என்று பார்த்தாலே தெரிந்தது. முதலாளியின் முகம் வெளிறியது. அவர் பையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார்.

"பைய எடும்மா, உன் கால்ல வேணா விழறேன்."

"கால்ல விழ வேணாம். கையெழுத்துப் போடுங்க."

கூட்டத்தில் முன்னால் வந்த பெரியம்மா படியில் ஒரு காலை வைத்தபடி, "இன்னா சண்டயா? வேற கடைக்குப் போலாமா?" என்று கேட்டார்.

"ஐயயோ, சண்ட இல்லம்மா, உள்ள வாங்க, வாங்க!" என்று மூத்த சேல்ஸ்மேன் கையைக் கூப்பிக்கொண்டு ஓடினார். போகிறபோது என்னைப் பார்த்து உதட்டோரம் சிரித்தது எனக்குத் தெரியும்.

முதலாளி மகனைப் பார்த்துக் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "எழுதிக் குடுத்துத் தொலடா. சைக்கிளாம், டீமாம். கடைய இழுத்துச் சாத்த வெச்சிடுவ போல."

சின்னவர் நின்றபடியே எழுதினார். கடை முத்திரையை வைத்துக் கொடுத்தார். நான் படித்துப் பார்த்தேன். மெதுவாகத்தான் படித்தேன், ஒவ்வொரு வரியாக. கல்யாணக்கூட்டம் மெத்தையில் உட்காரும்வரை படித்தேன். பிறகு பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். முதலாளி பின்னாலேயே, "நாளைலருந்து நீ வரவேணாம்" என்றார். அதை நான் எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன்.

வீட்டில் மகள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் தாளைப் பார்த்துவிட்டு என் மேல் பாய்ந்தாள்.

"எனக்கு ஓட்ட எடம் கேக்காம எதுக்குமா இத வாங்கினு வந்த? நான்தான அந்த டீம்ல நல்லா இழுக்கறவ? நான் ஏன் வெளிய போணும்? அவங்க இல்ல என்ன ஓட்ட உடணும்?"

அவள் சொன்னது நியாயம்தான். இருந்த ஒரு தைரியத்தில் நான் கேட்கத் தெரிந்ததைக் கேட்டேன். அவளுக்குச் சேர வேண்டியதைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. அந்தக் கோபம் அவளுக்கு என் மேல் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. எனக்கு அவர்கள் மேல் இருப்பது கொஞ்சம் இல்லை. அந்த டீம் முதல் பந்தயத்தில் எதிர்காற்றில் சிதறிப்போய்ப் பின்னால் வந்தது என்று பயிற்சியாளர் போனில் சொன்னபோது, அந்தப் பெண்களுக்காக நான் வருத்தப்பட்டிருக்க வேண்டும். படவில்லை.

கூப்பிட்டிருந்த சின்ன டீம் அதற்குள் ஆளை எடுத்துவிட்டது. இப்போது நான் வாலாஜாபாத்தில் ஒரு ஜவுளிக்கடையில் மடிக்கிறேன். மகள் அந்தப் பழைய ரேஸ் சைக்கிளில் தினமும் ஹைவேக்குப் போகிறாள்.

போன மாதம் ஒரு பொதுப் பந்தயம் வந்தது. டீம் இல்லாதவர்களும் பெயர் கொடுக்கலாம் என்றார்கள். நானும் கூடப் போனேன். பந்தலுக்கு அடியில் ஒருவர் கம்ப்யூட்டரில் பெயர் ஏற்றிக்கொண்டிருந்தார். பெரிய டீம் பெண்கள் ஒரே நிறத்தில் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். என் மகள் ஷூ கட்டக் குனிந்திருந்தாள்.

"டீம் பேரு?" என்று அவர் தலை நிமிராமல் கேட்டார்.

"இல்ல சார்."

"ஸ்பான்ஸரு?"

"இல்ல."

"அப்ப யாரு சார்புலம்மா ஓட்டறாங்க? எதாவது ஒண்ணு போட்டாத்தான் இது ஏத்துக்கும்."

பின்னால் வரிசை நீண்டிருந்தது. யாரோ உச்சுக் கொட்டினார்கள். முன்பு என்றால் நான் வெட்கப்பட்டு ஒதுங்கியிருப்பேன்.

"யாரு சார்புலயும் இல்ல. அவ பேரப் போடுங்க. அவதான ஓட்டறா?" என்றேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. அவர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். ஏதோ தட்டினார். ஒரு நம்பரையும் நாலு ஊக்கையும் எடுத்து நீட்டினார்.

மகள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். நம்பரை வைத்து ஊக்கு குத்தினேன்.

"கோணலா இருக்குதாமா?"

"இல்ல. போ."

அவள் வரிசையின் முன்பக்கம் பார்த்து, டீம் பெண்களுக்கு நடுவில் இடித்துக்கொண்டு போனாள்.